அமெரிக்காவில் வேலையில் சேர்ந்த முதல் 30 நாள்: மருத்துவத் திட்டத்தையும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்குகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் புதிதாக வேலையில் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். இரண்டு மூன்று மருத்துவத் திட்டங்களின் பெயர்கள், பல்லுக்கும் கண்ணுக்கும் தனித்தனிக் காப்பீடுகள், மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்கிவைக்க எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. என்று சுருக்கெழுத்தில் சில கணக்குகள், கடைசியில் ஒரு கெடு தேதி ஆகியவை அதில் இருக்கும். வாடகைக்கு வீடு பார்ப்பது, ஓட்டுநர் உரிமம் எடுப்பது என்று ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மின்னஞ்சலைத் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசி நாள் இரவில், சம்பளப் பிடித்தம் எதில் குறைவோ அதைத் தட்டிவிட்டுப் படுத்துவிடுவதுதான் பலரின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கெடு பெரும்பாலான நிறுவனங்களில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். அதைத் தவறவிட்டால், அடுத்த ஆண்டுக்கான ‘ஓபன் என்ரோல்மென்ட்’ காலம் வரை, அதாவது பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வரை, எதையும் சேர்க்கவும் மாற்றவும் முடியாது. திருமணம், குழந்தைப் பிறப்பு, துணைவருக்கு வேலை போய் அவருடைய காப்பீடு நின்றுபோவது போன்ற நிகழ்வுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கும் நிகழ்ந்த நாளிலிருந்து 30 நாள்தான் உறுதியான அவகாசம். குழந்தை பிறந்த வீட்டில் அந்த 30 நாள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பிரசவத்துக்குத் தேதி குறித்தவுடனேயே, ‘குழந்தையைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்’ என்று கைபேசியில் ஒரு நினைவூட்டலையும் போட்டுவைப்பது நல்லது.

மருத்துவக் காப்பீடு வேலையோடு ஏன் இப்படிப் பின்னிக்கிடக்கிறது என்ற கேள்வி இயல்பாக எழும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு ஊதிய உயர்வுக்குத் தடை போட்டது. சம்பளத்தைக் கூட்டி ஆள் பிடிக்க வழியில்லாமல் போன முதலாளிகள், தடைக்குள் வராத காப்பீட்டைக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. போர்க்கால ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது.

இந்திய நிறுவனங்களின் குழுக் காப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அணுகினால் இரண்டு இடங்களில் இடறும். முதலாவதாக, அங்கே காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான். இங்கே காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது முதல் மாத்திரை வாங்குவது வரை எல்லாமே திட்டத்தின் வழியாகவே நடக்கும். இரண்டாவதாக, அங்கே அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கே பொதுவாகத் துணைவரையும் 26 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் மட்டுமே சேர்க்க முடியும். பார்க்க வரும் பெற்றோருக்குத் தனியாகப் பயணியர் காப்பீடுதான் வாங்க வேண்டும்.

முதல் படி: ஐந்து சொற்களைப் பிடித்துக்கொள்வது

ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்’ என்று ஒரு சுருக்க அறிக்கை உண்டு. எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே அமைப்பில் இதைத் தர வேண்டும் என்பது சட்டம். எனவே இரண்டு திட்டங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடலாம். வண்ணப் படங்கள் போட்ட விளம்பர ஏட்டை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் படித்தால் போதும்.

அதில் வரும் பிரீமியம் என்பது நீங்கள் மருத்துவரைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கப்படும் தொகை. டிடக்டிபிள் என்பது காப்பீடு தன் பங்கைத் தரத் தொடங்குவதற்கு முன் அந்த ஆண்டில் நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. கோபே என்பது ஒரு முறை மருத்துவரைப் பார்க்க 30 டாலர் என்பது போல முன்கூட்டியே நிர்ணயித்த கட்டணம். கோஇன்சூரன்ஸ் என்பது டிடக்டிபிள் தீர்ந்த பிறகு வரும் செலவில் உங்கள் விழுக்காடு. 20 விழுக்காடு என்றால் 1,000 டாலர் பில்லில் 200 உங்களுடையது, 800 அவர்களுடையது. ஐந்தாவதான ‘அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்’ என்பது உச்சவரம்பு: நெட்வொர்க்குக்குள், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிலும் கிடைக்கும், திட்டம் ஏற்கும் சிகிச்சைகளுக்கு ஓர் ஆண்டில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அதைத் தாண்டாது. பிரீமியம் இந்த வரம்பில் சேராது.

புதியவர்கள் முதலில் பிரீமியத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து டிடக்டிபிளைப் பார்க்கிறார்கள், ஐந்தாவது எண்ணைப் பார்ப்பதே இல்லை. என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஐந்தாவது எண்தான். மிக மோசமான ஆண்டில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது.

குடும்பத்தைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில திட்டங்களில் குடும்ப டிடக்டிபிளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சிறிய டிடக்டிபிள் இருக்கும். அதை ஒருவர் தொட்டவுடன் அவருக்கு மட்டும் காப்பீடு செயல்படத் தொடங்கும். வேறு சிலவற்றில் குடும்பத்தின் முழுத் தொகையும் தீரும்வரை யாருக்கும் எதுவும் கிடைக்காது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் மருத்துவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று சரியான கேள்வியைக் கேட்பது

எச்.எம்.ஓ. வகைத் திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் அவருடைய பரிந்துரையோடுதான் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். அவசர சிகிச்சை தவிர நெட்வொர்க்குக்கு வெளியே போனால் முழுச் செலவும் உங்களுடையது. பி.பி.ஓ. வகையில் நேராகவே சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம்; வெளியே போனாலும் ஓரளவு கிடைக்கும், ஆனால் அதற்கு வேறு டிடக்டிபிள், வேறு விழுக்காடு.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும்போது, “எங்கள் காப்பீட்டை ஏற்பீர்களா?” என்று கேட்காதீர்கள். ஏற்போம் என்று எல்லோரும் சொல்வார்கள்; வெளியாளாக இருந்துகொண்டு பில்லை அனுப்பிவைப்பதும் அவர்கள் பார்வையில் ஏற்பதுதான். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திட்டத்தின் முழுப் பெயரைப் படித்துக்காட்டி, “இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். ஒரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் பல நெட்வொர்க்குகள் இருக்கும்.

2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, அவசர சிகிச்சைக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நெட்வொர்க்குக்குள் போனதைப் போலவே உங்கள் பங்கைக் கணக்கிட வேண்டும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. காய்ச்சல், சுளுக்கு, சிறு தையல் போன்றவற்றுக்கு எமர்ஜென்சி அறைக்குப் போகாமல் ‘அர்ஜென்ட் கேர்’ என்று பலகை போட்ட மையங்களுக்குப் போனால் செலவு பல மடங்கு குறையும்; வீட்டுக்கு அருகில் நெட்வொர்க்கில் உள்ள மையம் எது என்று இன்றைக்கே பார்த்துவைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒரு தாளில் கணக்குப் போடுவது

இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். எடுத்துக்காட்டாக, வரும் ஆண்டில் குழந்தையை எதிர்பார்க்கும் ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். முதல் திட்டம் பி.பி.ஓ.: மாதம் 300 டாலர் பிரீமியம், 1,000 டாலர் டிடக்டிபிள், அதற்குப் பின் 20 விழுக்காடு, உச்சவரம்பு 5,000. இரண்டாவது, உயர் டிடக்டிபிள் திட்டம்: மாதம் 120 டாலர், டிடக்டிபிள் 3,400, அதே 20 விழுக்காடு, உச்சவரம்பு 6,500, இதில் சேர்ந்தால் எச்.எஸ்.ஏ. கணக்கில் நிறுவனம் 1,000 டாலர் போடும்.

பிரசவ ஆண்டில் மொத்த பில் 22,000 டாலர் என்று கொள்வோம். முதல் திட்டத்தில் டிடக்டிபிள் 1,000, மீதி 21,000இல் 20 விழுக்காடாக 4,200, ஆக 5,200. உச்சவரம்பு இருப்பதால் 5,000 கட்டினால் போதும். ஆண்டுப் பிரீமியம் 3,600ஐச் சேர்த்தால் 8,600. இரண்டாம் திட்டத்தில் 3,400உம், மீதி 18,600இல் 20 விழுக்காடாக 3,720உம் சேர்ந்து 7,120, உச்சவரம்பு 6,500. பிரீமியம் 1,440ஐச் சேர்த்து, நிறுவனம் தந்த 1,000ஐக் கழித்தால் 6,940. டிடக்டிபிள் பெரிதாக இருந்த திட்டமே பிரசவ ஆண்டிலும் 1,660 டாலர் மலிவாக முடிகிறது. பெரிய டிடக்டிபிளைக் கண்டு அஞ்சி ஒதுங்குபவர்கள் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை.

அதற்காக உயர் டிடக்டிபிள் திட்டமே எப்போதும் சிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதே இரண்டு திட்டங்களில் பிரீமிய வித்தியாசம் மாதம் 40 டாலர் மட்டுமே என்றும், நிறுவனம் கணக்கில் எதுவும் போடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டால், இரண்டாம் திட்டத்தின் பிரசவ ஆண்டுச் செலவு 9,620 ஆகிவிடும். முதல் திட்டம் ஆயிரம் டாலருக்கும் மேல் மலிவு. பக்கத்து இருக்கை நண்பர் எதில் சேர்ந்தார் என்பது உங்களுக்குப் பயன்படாததற்குக் காரணம் இதுதான். அவருடைய நிறுவனத்தின் எண்கள் வேறு. செலவில்லாத ஆண்டு, சுமாரான ஆண்டு, உச்சவரம்பைத் தொடும் ஆண்டு என்று மூன்று நிலைக்கும் உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். கையிருப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரியிலேயே பெரிய செலவு வந்தால் 3,400 டாலரைப் புரட்ட முடியுமா என்பது ஊரிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவருக்குச் சின்னக் கேள்வி அல்ல.

நான்காம் படி: கணக்குகளைப் பிரித்தறிவது

பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் எச்.எஸ்.ஏ.வும் எஃப்.எஸ்.ஏ.வும் குணத்தில் வெவ்வேறு. ஊர்க் கணக்கில் சொன்னால், எச்.எஸ்.ஏ. நம் பி.எஃப். போன்றது: பணம் உங்களுடையது, செலவழிக்காதது ஆண்டுக்கு ஆண்டு சேரும், வேலை மாறினாலும் கூடவே வரும். எஃப்.எஸ்.ஏ., முன்பு இந்திய அலுவலகங்களில் மார்ச் மாதத்துக்குள் மருந்துக்கடை ரசீதுகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்து ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்கு வரிவிலக்கு வாங்கினோமே, அதைப் போன்றது: கெடுவுக்குள் செலவழிக்காவிட்டால் போயிற்று.

என் முதல் ஆண்டில் நான் எஃப்.எஸ்.ஏ.வை பி.எஃப். என்று நினைத்துக்கொண்டு 1,500 டாலரை ஒதுக்கினேன். டிசம்பர் முடிவில் 860 டாலர்தான் செலவாகியிருந்தது. மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் வசதி என் நிறுவனத்தில் இல்லை என்பதை ஜனவரியில்தான் தெரிந்துகொண்டேன். 640 டாலர் காணாமல் போனது. கண்ணாடி வாங்கியிருக்கலாம், பல்லைப் பார்த்திருக்கலாம்; 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மருந்துச் சீட்டு இல்லாத தலைவலி மாத்திரையும் மாதவிடாய்ப் பஞ்சும்கூட இதில் வாங்க முடியும். அப்போது எதுவும் தோன்றவில்லை.

எஃப்.எஸ்.ஏ.வில் 2026ஆம் ஆண்டுக்கு ஒருவர் 3,400 டாலர் வரை ஒதுக்கலாம். நிறுவனம் விரும்பினால் 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடலாம், அல்லது செலவழிக்க இரண்டரை மாதம் கூடுதல் அவகாசம் தரலாம். இரண்டையும் சேர்த்துத் தர முடியாது, எதையும் தராமலும் இருக்கலாம். உங்கள் நிறுவனத்தில் எது என்று கேட்ட பிறகே தொகையை முடிவுசெய்யுங்கள். இந்தக் கணக்குக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஆண்டு முழுவதும் பிடிக்கப்போகும் தொகை முதல் நாளிலிருந்தே உங்களுக்குக் கிடைக்கும்; பிப்ரவரியில் பல்லுக்கு 2,000 டாலர் செலவு உறுதி என்றால் அதை அப்போதே எடுத்துவிடலாம், பிடித்தம் மெல்ல நடக்கும்.

எச்.எஸ்.ஏ. 2003ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தால் 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உயர் டிடக்டிபிள் திட்டத்தில் இருப்பவர் மட்டுமே இதில் பணம் போடலாம். 2026இல் அத்தகைய திட்டத்துக்குத் தனிநபர் டிடக்டிபிள் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400. போடக்கூடிய உச்சத் தொகை தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750. நிறுவனம் போடுவதும் இதற்குள் அடக்கம். 55 வயதைக் கடந்தவர் 1,000 டாலர் கூடுதலாகப் போடலாம். விசா எது என்பது இதற்குத் தடையில்லை.

இதன் வரிச் சலுகை மூன்று அடுக்கு: போடும்போது வரியில்லை, முதலீடு செய்து வளர்ந்தால் வளர்ச்சிக்கு வரியில்லை, மருத்துவத்துக்கு எடுத்தால் எடுக்கும்போதும் வரியில்லை. சம்பளத்தின் வழியாகவே போட்டால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளான 7.65 விழுக்காடும் மிச்சம். பிறகு நீங்களாகக் கையிலிருந்து போட்டால் அந்தப் பகுதி திரும்ப வராது. 22 விழுக்காடு வருமான வரி அடுக்கில் இருப்பவருக்கு, சம்பளத்தின் வழியாகப் போடும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் சுமார் 296 டாலர் மிச்சமாகிறது. எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் குடியேறும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் மாநில வரியில் இந்தச் சலுகையைத் தருவதில்லை. ஒன்றிய வரியில் உண்டு.

மருத்துவம் அல்லாத செலவுக்கு 65 வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 20 விழுக்காடு அபராதமும் கட்ட வேண்டும். மருத்துவச் செலவை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்குக் கெடு கிடையாது. கணக்கு தொடங்கிய நாளுக்குப் பின் நேர்ந்த செலவாக இருந்தால், இன்றைய ரசீதுக்குப் பத்து ஆண்டு கழித்தும் பணம் எடுக்கலாம். ஆகவே கணக்கைச் சிறு தொகையோடாவது உடனே தொடங்கிவிடுங்கள், ரசீதுகளைப் படம் பிடித்து ஒரே கோப்புறையில் போட்டுவையுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மதுரையில் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டாலும், அந்தச் செலவும் இந்தக் கணக்கில் செல்லும். மருத்துவரின் பெயர், தேதி, சிகிச்சை, தொகை ஆகியவை உள்ள முறையான ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ஊரில் வசிக்கும் பெற்றோரின் சிகிச்சைக்கு இதிலிருந்து எடுக்கக் கூடாது. வரிச் சட்டத்தின்படி உங்களைச் சார்ந்தவர் என்ற வரையறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள்.

இரண்டு பொறிகள். கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்து, ஒருவர் தம் நிறுவனத்தில் சாதாரண எஃப்.எஸ்.ஏ. வைத்திருந்தால், மற்றவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியை இழக்கிறார். பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான ‘லிமிடெட் பர்ப்பஸ்’ எஃப்.எஸ்.ஏ. என்றால் சிக்கலில்லை. அடுத்தது, ‘டிபெண்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கு என்று நினைத்துப் பணம் ஒதுக்குவது. அது குழந்தைகள் காப்பகச் செலவுக்கானது. 2026 முதல் ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் வரை. ‘எச்.ஆர்.ஏ.’ என்று ஒன்று தென்பட்டால், அது நிறுவனம் மட்டும் பணம் போடும், நிறுவனத்துக்கே சொந்தமான கணக்கு.

ஐந்தாம் படி: முதல் பில் வரும்போது பதறாமல் இருப்பது

நெட்வொர்க்குக்குள் செய்யும் ஆண்டுப் பரிசோதனை, தடுப்பூசிகள் போன்ற தடுப்பு மருத்துவத்துக்கு டிடக்டிபிளைப் பாராமல் முழுச் செலவையும் திட்டமே ஏற்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பரிசோதனைக்குப் போன இடத்தில், “அப்படியே இந்த முழங்கால் வலியையும் பார்த்துவிடுங்கள், டாக்டர்” என்று நாம் உரிமையோடு சொன்னால், அது தனிச் சந்திப்பாகப் பதிவாகி அதற்கு ஒரு பில் வரலாம். வலியை மறைக்கச் சொல்லவில்லை. பில் எங்கிருந்து முளைத்தது என்று திகைக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவரைப் பார்த்துச் சில வாரங்களில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ‘எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்’ என்ற தாள் வரும். அது பில் அல்ல. மருத்துவமனை கேட்டது 1,140 டாலர், ஒப்பந்தத் தள்ளுபடி 760, ஏற்கப்பட்ட தொகை 380, திட்டம் கட்டியது 0, உங்கள் பங்கு 380 என்ற மாதிரி அதில் இருக்கும். டிடக்டிபிள் தீராதபோதும் அட்டை இருந்ததாலேயே 1,140 என்பது 380 ஆனதைக் கவனியுங்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், மருத்துவமனையின் பில் தனியாக வரும்வரை பொறுத்திருந்து, இரண்டிலும் அந்த 380 ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மருத்துவமனையின் பில்லிங் பிரிவை அழைத்து, ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக எழுதிய விவரப் பில்லைக் கேளுங்கள்.

திட்டம் ஒரு க்ளெய்மை மறுத்தால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து 180 நாள் வரை மேல்முறையீடு செய்யலாம். குறியீட்டு எண்ணில் நேர்ந்த எழுத்துப்பிழையால் மறுக்கப்படுவதும் உண்டு; அதற்கு மருத்துவரின் அலுவலகம் திருத்தி அனுப்பினாலே போதும். பில் உண்மையிலேயே தாங்க முடியாததாக இருந்தால், வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தவணை முறையும் பெரும்பாலும் கிடைக்கும்.

ஆறாம் படி: வேலையை விட்டு விலகும்போது

காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறதா, அந்த மாத இறுதிவரை நீடிக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். விலகும் தேதியை மாத முதல் தேதிக்கு நகர்த்தினாலே ஒரு மாதக் காப்பீடு கூடுதலாகக் கிடைக்கும் நிறுவனங்கள் உண்டு. எஃப்.எஸ்.ஏ. இருந்தால், மீதியைக் கடைசி நாளுக்கு முன் செலவழித்துவிட வேண்டும். பிடித்தம் செய்ததைவிடக் கூடுதலாக நீங்கள் ஏற்கெனவே எடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்க நிறுவனத்துக்கு உரிமையில்லை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், ‘கோப்ரா’ எனப்படும் சட்டத்தின்கீழ் அதே திட்டத்தில் 18 மாதம் வரை நீடிக்கலாம். நிறுவனம் இதுவரை கட்டிவந்த பங்கையும் சேர்த்து மொத்தத்தில் 102 விழுக்காடு வரை நீங்களே கட்ட வேண்டும் என்பதால் தொகையைப் பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் முடிவெடுக்க 60 நாள் உண்டு. அதற்குள் நோய் வந்தால் சேர்ந்துகொள்ளலாம், காப்பீடு நின்ற நாளிலிருந்தே அது செல்லும், அந்த நாள்களுக்கான பிரீமியத்தையும் கட்ட வேண்டும். புதிய வேலை ஒரு மாதத்தில் தொடங்கப்போகிறது என்பவர்கள் பலரும் இந்த அவகாசத்தை நம்பியே இடைவெளியைக் கடக்கிறார்கள். கோப்ரா பிரீமியத்தை எச்.எஸ்.ஏ.விலிருந்தும் கட்டலாம்.

எச்.எஸ்.ஏ. கணக்கு, நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் ஊருக்கே திரும்பினாலும் உங்கள் பெயரிலேயே இருக்கும். உயர் டிடக்டிபிள் திட்டம் இல்லாத காலத்தில் புதிதாகப் போட முடியாது, இருப்பதை எடுக்கத் தடையில்லை. எடுத்த ஆண்டில் வரி அறிக்கையோடு 8889ஆம் எண் படிவத்தை இணைக்க வேண்டும். நாடு திரும்புபவர்கள், கணக்கை வைத்திருக்கும் நிறுவனம் வெளிநாட்டு முகவரியை ஏற்குமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்; ஏற்காதவையும் உண்டு. கணக்கில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அலுவலக மின்னஞ்சலாகவே இருக்கும். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றி, புதிய கடவுச்சொல்லோடு ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள்.